டிஸ்க்கில் இருக்கிற படம் டீவியில் ஏன் இல்லை?

கொழும்பில் வீட்டில் மீடியா சேர்வர் (வீட்டிலுள்ள படங்களை டீவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற புரோகிராம்) வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். கரண்ட் போகும், வரும், டீவியில் ஜெல்லிஃபினையோ ப்ளெக்ஸையோ திறந்தால் நேற்றுவரை இருந்த படங்களில் ஒன்றுகூட இருக்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தபோது இது அடிக்கடி நடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்துதான் காரணம் என்று அமைச்சர் சொன்னாரே, அந்த மாதிரி நாட்களுக்குப் பிறகு எனக்கு வெள்ளவத்தைச் சொந்தக்காரர்களிடமிருந்து வரும் கோல் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "தம்பி, அரங்கேற்ற வீடியோ எல்லாம் போயிட்டுது, ஒண்டும் இல்லை."

போகவில்லை மாமி, இருக்கிறது. பத்தில் ஒன்பது தடவை ஃபைல் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பதற்றத்தில் ரிமோட்டை எடுத்து ஸ்கேன் பண்ணு, குப்பையைக் காலி பண்ணு என்று கண்டதையும் அழுத்தினால்தான் உண்மையிலேயே ஏதாவது போகும். அதனால் முதலில் ஒன்றையும் தொடாமல் இருங்கள்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் பெட்டி) ஒன்று ரவுட்டரில் செருகியிருக்கும். படங்களெல்லாம் அதில்தான். பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி அல்லது பழைய மினி பிசி, மீடியா சேர்வர் ஓடுவது அதில். பெட்டியிலிருக்கும் ஃபோல்டரை என்எஃப்எஸ் அல்லது எஸ்எம்பி என்ற நெட்வொர்க் நெறிமுறை மூலம் மினி பிசி தன்னுடைய ஃபோல்டர் மாதிரியே எடுத்து வைத்துக்கொள்ளும் (மவுண்ட் பண்ணுவது என்பது இதைத்தான்), மீடியா சேர்வர் அந்த ஃபோல்டரைப் படித்துத் தன் டேட்டாபேஸில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளும், டீவியில் இருக்கும் ஆப் அந்தப் பட்டியலைத்தான் கேட்டு வாங்கும். ஆக, டீவியில் நீங்கள் பார்ப்பது டிஸ்க்கை இல்லை. பலர் கை மாறி வந்த ஒரு பட்டியலை.

சிக்கல் இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதிடம் "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறது. "ஒன்றும் இல்லை" என்பது ஒரு பதில். "அங்கே போக முடியவில்லை" என்பது வேறு பதில். டீவிவரை வருவதற்குள் இரண்டாவது பதில் முதலாவதாக மாறிவிடுகிறது. இதற்கு ஒரு வரலாறும் உண்டு: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது நோக்கமே, தூரத்து டிஸ்க்கை உள்ளூர் டிஸ்க் போலவே காட்டி, மேலே ஓடும் புரோகிராம்களுக்கு வித்தியாசமே தெரியாமல் வைப்பதுதான். அது நன்றாகவே நடந்தது. வித்தியாசம் தெரியாததால், டிஸ்க் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதும் மீடியா சேர்வருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

கரண்ட் வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மினி பிசி சட்டென்று எழுந்துவிடும். நாஸ் பெட்டி டிஸ்க்கைச் சுழற்றி, வால்யூமைச் சரிபார்த்து, பகிர்வுகளைத் திறக்கச் சில நிமிடம் எடுக்கும். மினி பிசி நெட்வொர்க் ஃபோல்டரை மவுண்ட் பண்ணப் பார்க்கும், எதிரில் ஆள் இல்லை, சரி என்று விட்டுவிட்டு பூட் ஆகிவிடும். (பெட்டி இல்லாவிட்டாலும் பூட் நிற்கக்கூடாது என்று 'நோஃபெயில்' போட்டு வைத்ததும் நாம்தான்.) இப்போது மவுண்ட் ஆகவேண்டிய இடத்தில் என்ன இருக்கும்? மவுண்ட் பாயின்ட் என்பது லினக்ஸில் ஒரு சாதாரண ஃபோல்டர், அவ்வளவுதான். வேறொரு டிஸ்க்கை அதன் மேல் மாட்டுகிறோம், சுவரில் காலண்டர் மாட்டுவது மாதிரி. காலண்டர் விழுந்தால் வெறும் சுவர் தெரியும். அந்த வெறும் சுவரைத்தான் மீடியா சேர்வர் பார்க்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் காலியான ஃபோல்டர் ஒரு பிழையே இல்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, அது இன்னும் குழப்பம். மவுண்ட் இல்லாத அந்த நேரத்தில் டவுன்லோட் புரோகிராமோ ரெக்கார்டரோ அந்த ஃபோல்டருக்குள் எழுதினால், அது மினி பிசியின் சொந்த டிஸ்க்கிலோ எஸ்டி கார்டிலோ போய் விழும். பிறகு மவுண்ட் சரியானதும் நாஸின் பழைய படங்கள் எல்லாம் திரும்பி வரும், இடையில் எழுதப்பட்டவை மட்டும் மறைந்துவிடும். அழியவில்லை, காலண்டருக்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் எப்படித் தேடினாலும் கிடைக்காது, கார்டு மட்டும் காரணம் தெரியாமல் நிறைந்துகொண்டே போகும். பார்க்க வேண்டுமென்றால் மவுண்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற முடியாத நிலை என்றால் மினி பிசியின் சொந்த ரூட் ஃபைல் சிஸ்டத்தை இன்னொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (அதாவது அங்கேயும் தெரியவைத்து) உள்ளே போய்ப் பாருங்கள், மறைந்தது எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும்.

தடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். முதலாவது, எதுவும் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போது அந்த வெற்று ஃபோல்டருக்கு 'இம்யூட்டபிள்', அதாவது மாற்ற முடியாதது, என்ற கொடி போட்டுவிடுவது. அப்புறம் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்காலும் அதில் எழுத முடியாது, எழுதப் போனவன் பிழையோடு திரும்புவான், மவுண்ட் ஆனபின் அந்தக் கொடியால் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாவது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட். இதில் பூட் நேரத்தில் மவுண்ட் செய்வதில்லை, யாராவது ஃபோல்டரைத் தொடும்போதுதான் செய்யும். பெட்டி இன்னும் எழும்பவில்லை என்றால் தொட்டவருக்குப் பிழை கிடைக்கும். காலி ஃபோல்டர் என்ற பொய் கிடைக்காது.

டாக்கரில், அதாவது புரோகிராமைக் கண்டெய்னர் என்ற தனி அறைக்குள் வைத்து ஓட்டும் கருவியில், மீடியா சேர்வர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வினை. கண்டெய்னர் தொடங்கிய பிறகு நாஸ் மவுண்ட் ஆனால், வெளியே உங்களுக்குப் படங்கள் தெரியும், உள்ளே கண்டெய்னருக்கு அதே பழைய வெறும் ஃபோல்டர்தான். வெளியே பின்னர் நடக்கும் மவுண்ட் உள்ளே பரவாது என்பது டாக்கரின் இயல்பான அமைப்பு. கண்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும், அதனால்தான் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன், வந்துவிட்டது" என்று பலரும் காரணம் தெரியாமலே சந்தோஷப்படுகிறார்கள்.

சரி, காலி ஃபோல்டரைப் பார்த்த மீடியா சேர்வர் என்ன செய்யும்? ஜெல்லிஃபின் கொஞ்சம் உஷார். லைப்ரரியின் மேல்மட்ட ஃபோல்டர் எட்டவில்லை அல்லது காலி என்றால் லாக்கில் அதை எழுதிவிட்டுத் தாண்டிப் போகும். ஆனால் மேலே சொன்ன மாதிரி ஒரே ஒரு அரைகுறை டவுன்லோட் அந்த வெறும் ஃபோல்டரில் விழுந்திருந்தால் அது காலி இல்லை, பாதுகாப்பும் இல்லை. ப்ளெக்ஸில் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் குப்பையைத் தானாகவே காலி செய்யும் ஒரு அமைப்பு இருக்கிறது. நெட்வொர்க் டிஸ்க் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தியிருந்தால் காணாத படங்கள் குப்பைக்கூடைக் குறியோடு அங்கேயே நிற்கும், டிஸ்க் திரும்பியதும் குறி போய்விடும். இல்லாவிட்டால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நீங்கள் உட்கார்ந்து திருத்திய தலைப்புகள், தொகுப்புகள் எல்லாம் திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

மவுண்ட் சரியாக இருந்தும் சில ஃபோல்டர்கள் மட்டும் இல்லையென்றால் அனுமதிகளைப் பாருங்கள். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பில் பயனர் பெயர் போவதில்லை, ஒரு எண்தான் போகும். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டியில் நீங்கள் உருவாக்கும் முதல் பயனர் 1026. இரண்டு பக்கமும் பெயர் ஒன்றாக இருக்கும், பெட்டிக்கோ இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். ரூட்டாகப் போனாலும் பல நேரம் பயனில்லை, லினக்ஸ் என்எஃப்எஸ்ஸின் இயல்பான அமைப்பு ரூட்டை யாரும் இல்லாத ஆளாக, 65534 என்ற எண்ணுக்கு, மாற்றிவிடும். இதில் ஆட்களைக் குழப்புவது, நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கும்போது எல்லாம் தெரிவதுதான். நீங்கள் பார்ப்பது உங்கள் எண்ணில், மீடியா சேர்வர் ஓடுவது அதன் சொந்த எண்ணில். ஆகவே சோதிப்பதென்றால் அந்தச் சேவையின் பயனராகவே போய்ப் பட்டியலைக் கேளுங்கள். ஃபோல்டரில் படிக்கும் அனுமதி மட்டும் இருந்து உள்ளே நுழையும் அனுமதி இல்லையென்றால், பெயர்கள் வரும், ஒவ்வொரு ஃபைலின் அளவும் திகதியும் வராது. அப்படிப்பட்டதை மீடியா சேர்வர் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இனி நம்மவர்களுக்கென்றே உள்ள பிரச்சினை, தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிக் குறிப்புகளில் இது அநேகமாக வருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வருவதில்லை. 'தோடி வர்ணம்' என்று ஒரு ஃபைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'த' உடன் ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது 'த' உடன் ஏகாரக் கொம்பு, பிறகு கால், தனித்தனியாக. திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே கதை. அப்பிள் மக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது, விண்டோஸிலும் ஃபோனிலும் தட்டச்சு செய்தால் பொதுவாகச் சேர்ந்த வடிவம் வரும், லினக்ஸ் ஓடும் நாஸ் பெட்டிக்கோ பைட் வேறென்றால் பெயர் வேறு. அதனால் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்கும் அதிசயத்தைப் பார்க்கலாம், சப்டைட்டில் ஃபைல் பக்கத்திலேயே இருந்தும் படத்தோடு சேராமல் நிற்பதைப் பார்க்கலாம், டேட்டாபேஸில் ஒரு வடிவமும் டிஸ்க்கில் இன்னொரு வடிவமும் இருந்து 'ஃபைல் இல்லை' என்று வருவதையும் பார்க்கலாம். கன்வ்எம்வி என்ற சிறிய லினக்ஸ் கருவி இந்தப் பெயர்களை மொத்தமாகச் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக் கொடுக்கும். முதலில் என்னென்ன மாறும் என்று காட்டும், நீங்கள் தனியாகச் சொன்னால்தான் மாற்றும். நல்ல பழக்கம்.

பெயரின் நீளமும் நமக்குத்தான் இடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் 85 குறியீடு. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறியீடு என்பதால் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஐம்பது சொச்சம்தான் பிடிக்கும். விண்டோஸ் பைட்டில் எண்ணுவதில்லை, அதனால் லேப்டொப்பில் சந்தோஷமாக இருந்த நீண்ட பெயர் பெட்டிக்குப் போகும்போது கொப்பி ஆகாமல் நின்றுவிடும். சைனாலஜியில் என்கிரிப்ட் செய்த ஃபோல்டர் என்றால் எல்லை இன்னும் கீழே, 143 பைட், அதாவது 47 தமிழ்க் குறியீடுதான். "வெள்ளவத்தை வீட்டில் மூத்த மகளின் அரங்கேற்றம் இரண்டாம் பகுதி" என்று பெயர் வைத்தவரின் ஃபைல் தொலையவே இல்லை, பெட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. நூற்றுக்கணக்கான ஃபைல்களை ஒன்றாகக் கொப்பி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் இந்த ஒரு பிழை கண்ணில் படாது.

மற்றவை சின்ன விஷயங்கள். புதிதாகப் போட்ட படம் மட்டும் வரவில்லை என்றால், லேப்டொப்பிலிருந்து நேராகப் பெட்டியில் போட்டிருப்பீர்கள்: ஃபைல் மாற்றத்தை அறிவிக்கும் லினக்ஸின் ஐனோடிஃபை அதே கணினி வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டும்தான் சொல்லும், நெட்வொர்க்கின் மறுமுனையில் நடந்ததைச் சொல்லாது, அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்க வேண்டும். கரண்ட் வந்தபின் பெட்டியே கண்ணில் படவில்லை என்றால் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம், ரவுட்டரில் ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸில் மீடியா சேர்வரைச் சேவையாக ஓட்டினால் உங்கள் 'இசட்' டிரைவ் அதற்குத் தெரியாது, மேப் செய்த டிரைவ் எழுத்து உங்கள் லொக்-இனுக்கு மட்டும் சொந்தம், முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய மிகப் பழைய பெட்டி என்றால் அதற்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும் தெரிந்திருக்கலாம். 2017இல் வன்னாக்ரை என்ற, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்த பிறகு விண்டோஸ் 10 அதை இயல்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது.

தேடும்போது கீழிருந்து மேலே வாருங்கள். முதலில் பெட்டியின் சொந்த வலைப்பக்கத்தில் ஃபைல் இருக்கிறதா, பிறகு மினி பிசியில் மவுண்ட் உண்மையில் ஏறியிருக்கிறதா, பிறகு சேவையின் பயனருக்குத் தெரிகிறதா, டாக்கர் என்றால் உள்ளே தெரிகிறதா, கடைசியில்தான் மீடியா சேர்வர். எல்லோரும் மேலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் ரிமோட் கையில் இருக்கிறது.

உண்மையான இழப்பு வரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அது மீடியா சேர்வர் இல்லை, பேக்கப். இரவில் ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவியை ஓட்டி நாஸில் இருப்பதை வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பவர்கள், மூலத்தில் இல்லாததை அங்கேயும் அழி என்ற கட்டளையைச் சேர்ப்பது வழக்கம். மூலத்தைப் படிக்கும்போது பிழை வந்தால் ஆர்சிங்க் அழிக்கும் வேலையைத் தானாக நிறுத்திவிடும், அந்த அளவுக்கு அது புத்திசாலி. ஆனால் மவுண்ட் விழுந்த ஃபோல்டர் பிழை தருவதில்லையே, காலியாகத்தானே இருக்கிறது. அதை நம்பிப் பேக்கப் டிஸ்க்கையும் காலி செய்துவிடும். இதற்கு நாஸ் ஃபோல்டரின் மேல்மட்டத்தில் ஏதோ ஒரு பெயரில் சின்ன ஃபைல் ஒன்றைப் போட்டு வையுங்கள். அது கண்ணில் பட்டால் மட்டும் ஆர்சிங்க்கைத் தொடங்கு என்று ஸ்கிரிப்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். எத்தனை ஃபைலுக்கு மேல் அழிக்கக்கூடாது என்று ஆர்சிங்க்குக்கே ஒரு எல்லையும் கொடுக்கலாம், நான் 50 போட்டிருக்கிறேன்.