அப்பா: தமிழ் பைபிளில் இருக்கும் தமிழ் அல்லாத சொல்

கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபிக்கிற இடம், மாற்கு 14:36. "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று தொடங்கும். ஞாயிறு பள்ளியில் இதை வாசித்தபோது ஒரு பையன் கேட்டான்: "அப்பான்னு கூப்பிட்டாச்சு, அப்புறம் எதுக்கு மறுபடியும் பிதாவேன்னு கூப்பிடுறார்?" நியாயமான கேள்விதான். 'நடுசென்டர்', 'கேட்டு வாசல்' என்று நாம் சொல்வதைப் போல ஒரே பொருள் இரண்டு தடவை வருகிறது.

பதில் சின்னது. அந்த 'அப்பா' நம் வீட்டு அப்பா இல்லை. இயேசு பேசிய அரமேய மொழிச் சொல் அது. கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்தார். தமிழ் மொழிபெயர்ப்பும் அதையே செய்தது. பக்கத்தில் இருக்கும் 'பிதாவே'தான் மொழிபெயர்ப்பு.

அரமேயத்தில் 'அப்' என்றால் தந்தை. அந்த மொழியில் ஒரு பெயர்ச்சொல்லைக் குறிப்பிட்டுச் சொல்ல, கடைசியில் 'ஆ' சேர்ப்பார்கள். பேதுருவின் பட்டப்பெயரான 'கேபா' (பாறை), 'அக்கெல்தமா' (இரத்த நிலம்) இரண்டின் கடைசியிலும் நிற்பது இதே 'ஆ'தான். 'அப்பா' என்பதையும் பொதுவாக இப்படித்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அந்தத் தந்தை'. வழக்கத்திலோ, நேரே கூப்பிடும் சொல். தமிழில் நடப்பது வேறு. 'அப்பன்' விளியாகும்போது கடைசி 'அன்' கெட்டு 'ஆ' வருகிறது, நண்பன் 'நண்பா' ஆவதைப் போல. இரண்டு மொழியும் வேறு வேறு வழியில் போய் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன.

உண்மையில் ஒலியும் முழுக்க ஒன்றில்லை. அரமேயச் சொல்லில் வருவது 'பஸ்' என்று சொல்லும்போது நம் வாயில் வரும் அழுத்தமான ப, ஆங்கில b. அதை இரட்டித்துச் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் அதற்குத் தனி உருவம் இல்லை. 'ப்ப' என்று எழுதிவிட்டால் நாம் 'அப்பம்' என்கிற மாதிரிதான் வாசிப்போம். மிச்சமிருந்த வேறுபாட்டையும் நம் எழுத்து அழித்துவிட்டது.

வேடிக்கை இனிமேல்தான். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு அப்பாக்களுக்கும் உறவு கிடையாது. ஒன்று செமித்தியக் குடும்பம், மற்றது திராவிடக் குடும்பம். ஆனால் துளியும் ஒன்றுபோல் தெரியாத ஒரு ஜோடி அதே வசனத்தில் சொந்தக்காரர்களாக இருக்கிறது. மாற்கு எழுதிய கிரேக்கச் சொல் 'பதேர்'. தமிழ் மொழிபெயர்ப்பு அதற்கு வைத்த 'பிதா' வடமொழி. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை.

அப்படியானால் அப்பாக்கள் ஒன்றுபோல் இருப்பது எப்படி? ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். குழந்தைக்கு முதலில் எளிதாக வருவது உதட்டை மூடித் திறக்கிற ம, ப, 'ஆ' ஒலிகள். அந்த மழலையைப் பெற்றவர்கள் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். கொரிய மொழியிலும் 'அப்பா' இருப்பதற்கு இதுவே போதுமான விளக்கம். இங்கிருந்து ஒரு ராஜகுமாரி கடல் கடந்து கொரியா போனாள் என்கிற கதையெல்லாம் தேவையில்லை. ஜார்ஜிய மொழியில் தந்தையை 'மாமா' என்கிறார்கள். அதை வைத்து நாம் என்ன உறவு கொண்டாடுவது?

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் மூன்றே இடங்களில் வருகிறது: மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. மாற்கு மற்ற அரமேயச் சொற்களுக்கு உரை சொல்லிவிடுவார். 'தலீத்தாகூமி', 'எப்பத்தா' இரண்டுக்கும் பொருளைத் தனியாகச் சொல்கிறார். இங்கே 'என்று அர்த்தமாம்' கிடையாது, பக்கத்தில் பக்கத்தில் வைப்பதோடு சரி. மற்ற இரண்டையும் எழுதிய பவுலோ கிரேக்கம் பேசுகிறவர்களுக்கு எழுதுகிறார். அவர்களும் ஜெபத்தில் இந்த அந்நியச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவர் கடிதங்களிலிருந்து தெரிகிறது. 'ஆமென்' என்று நாம் மொழிபெயர்க்காமலே சொல்வதைப் போல.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு விளக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. அப்பா என்றால் 'டாடி', சின்னக் குழந்தையின் செல்லமொழி என்பார்கள். ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸின் ஆய்வை ஒட்டிப் பரவிய கருத்து இது. அவரே பிறகு, இயேசு குழந்தைப் பேச்சில் ஜெபித்தார் என்பது ஏற்கத்தகாத அப்பாவித்தனம் என்று எழுதிவிட்டார். 1988-ல் ஜேம்ஸ் பார் இதை விரிவாக மறுத்தார். வளர்ந்த பிள்ளைகளும் தந்தையை அப்படித்தான் அழைத்தார்கள்.

யூதர்களின் சமய நூலான தல்மூதில் ஒரு கதை உண்டு. மழை பொய்த்தால் பள்ளிப் பிள்ளைகளை ஹானான் என்பவரிடம் அனுப்புவார்களாம். அவர் மேலாடை ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "அப்பா, அப்பா, எங்களுக்கு மழை தா" என்று பிள்ளைகள் கேட்கும். அவர் கடவுளிடம் சொல்வார்: மழை தருகிற அப்பா யார், தர முடியாத அப்பா யார் என்று தெரியாத இவர்களுக்காகவாவது தாரும். பெரியவரை மரியாதையாக அழைக்கவும் இந்தச் சொல் பயன்பட்டது என்பதும் இதில் தெரிகிறது.

இந்தச் சொல்லின் சொந்தங்கள் நமக்குத் தெரிந்தவர்கள்தான். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான கைதி பரபாஸ், 'பர் அப்பா', அதாவது அப்பாவின் மகன். பிலாத்து முன்னால் கூட்டம் எந்த 'அப்பாவின் மகனை' விடுவிக்கச் சொன்னது என்று யோசித்தால் கதை இன்னும் கனக்கும். அபூபக்கரில் உள்ள அரபு 'அபூ'வும் இதே வேர். கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பா போய் மடத்துத் தலைவரைக் குறிக்கும் 'அபட்' ஆனதும் இதுவே.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'திருவிவிலியம்' என்கிற இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பு 'அப்பா, தந்தையே' என்கிறது. 'பிதாவே' கோயிலுக்குள் மட்டும் புழங்கும் சொல், வீட்டில் யாரும் அப்படி அழைப்பதில்லை. 'தந்தையே' என்று கூப்பிட்டாலோ நாடகம் போடுவதாக நினைப்பார்கள். அந்தக் கால அரமேயத்தில் 'அப்பா' என்றாலே 'என் தந்தை' என்றும் பொருள்பட்டது. அந்த நெருக்கத்தை ஒரே சொல்லில் தருவது நம் 'எந்தை'. ஆனால் அது செய்யுளோடு நின்றுவிட்டது. பேச்சில் சரியான இணை 'அப்பா' ஒன்றுதான். மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லும், ஐம்பது வயதுக்காரரும் சொல்வார். செல்லமும் உண்டு, மரியாதையும் உண்டு. "அப்பன் நீ அம்மை நீ" என்று அப்பர் சிவனைப் பாடிய மொழிக்குக் கடவுளை இப்படி அழைப்பது புதிதும் இல்லை.

ஒலிபெயர்ப்பை எடுத்துவிட்டு மொழிபெயர்ப்பைப் போட்டாலும் அந்த இடத்தில் 'அப்பா'தான் வந்து நிற்கும். அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ பிதாவேயை எடுத்துடலாமே சார்" என்றான்.