ஃபைல் தொலைந்தால் முதலில் கையை எடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. லேப்டாப்பை மேசையில் வைத்தவர் உட்காரும் முன்பே சொன்னார்: "சார், நாலு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்துட்டேன், ஒண்ணும் சரியில்ல. நீங்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க." அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

தொலைந்தது மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள். எல்லாம் ஒரே ஃபோல்டரில். ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார், அதனால் ரீசைக்கிள் பின்னிலும் இல்லை. உள்ளே இருந்தது பழைய ரக ஹார்டு டிஸ்க். அந்த நிமிடமே மெஷினை அணைத்துவிட்டு வந்திருந்தால் அனேகமாக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருப்பேன். அவரோ மூன்று நாள் இணையத்தில் தேடி, நாலு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து, நாலையும் அதே டிஸ்கில் இன்ஸ்டால் செய்து, கிடைத்த உடைசல்களையும் அதே டிஸ்கிலேயே சேமித்திருக்கிறார். நான் ஸ்கேன் ஓட்டியபோது வந்த படங்களில் பாதிக்கு மேல் பிரவுசர் சேர்த்துவைத்த விளம்பரப் படங்கள். மிச்சத்தில் பெரும்பாலானவை அந்த நாலு சாஃப்ட்வேர்களின் ஐகான்கள். பிள்ளையின் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்கேன் நவ்' பட்டன் வந்து உட்கார்ந்திருந்தது.

எனவே எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். அழித்த ஃபைல் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒரு மூலையில் பத்திரமாக ஒளிந்திருக்கிறது, சரியான சாஃப்ட்வேர் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு மூலையே கிடையாது. ஃபைல் எங்கே இருந்ததோ அங்கேயேதான் கிடக்கிறது. அந்த இடம் காலி என்று குறித்தாகிவிட்டது, அவ்வளவுதான். காலி என்று குறித்த இடத்தில் அடுத்து எது வேண்டுமானாலும் எழுதப்படலாம்.

விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் வழக்கமாக 1 கேபி அளவில் ஒரு பதிவு இருக்கும். பெயர், தேதி, டிஸ்கில் எந்தெந்த இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் அதற்குள். டெலீட் செய்தால் அந்தப் பதிவு அழிவதில்லை. 'பயன்பாட்டில் இல்லை' என்ற குறி மட்டும் விழுகிறது. புதிய ஃபைல் ஒன்று உருவாகும்போது விண்டோஸ் இப்படிக் காலியான பதிவுகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். இப்போது யோசியுங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்யும் சாஃப்ட்வேர் ஒரே ஒரு ஃபைலா? நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பதிவைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் படம் டிஸ்கில் அப்படியே இருந்தாலும், அதன் பெயரும் இருப்பிடமும் எழுதியிருந்த பதிவு போய்விடுகிறது. அப்புறம் ஸ்கேன் முடிந்து மீட்ட ஃபைல்களை அதே டிரைவில் சேமிக்கிறீர்கள். முதல் படத்தை எழுதும்போதே இன்னும் மீட்காத பத்தாவது படத்தின் மேல் எழுதுகிறீர்கள்.

"டிஸ்க்ல 300 ஜிபி காலியா இருக்கே சார், அங்க போய் எழுதாதா?" இதையும் கேட்டு அலுத்துவிட்டது. எங்கே எழுதுவது என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, விண்டோஸ் தீர்மானிக்கிறது. அதன் கண்ணுக்கு உங்கள் மகளின் படங்கள் இருக்கும் இடமும் அந்த 300 ஜிபியில்தான் சேர்த்தி.

நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யாவிட்டாலும் சி டிரைவ் சும்மா இருப்பதில்லை. பிரவுசர் எழுதுகிறது, அப்டேட் எழுதுகிறது, ஆன்டிவைரஸ் எழுதுகிறது. அதனால்தான் சி டிரைவில் முக்கியமான ஏதாவது போனால் பவர் பட்டனை நீளமாக அழுத்தி அணைத்துவிடுங்கள் என்கிறேன். முறைப்படி ஷட்டவுன் செய்யும்போதும் விண்டோஸ் எழுதத்தான் செய்யும். இப்படி அணைக்கலாமா என்று என் தொழிலிலேயே சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கேமரா கார்டு என்றால் இன்னும் எளிது: படம் எடுப்பதை நிறுத்துங்கள், கார்டைக் கழற்றுங்கள், எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள்.

அணைத்த பிறகு போனை எடுத்து, அந்த ஃபைல் வேறு எங்கே இருக்கலாம் என்று தேடுங்கள். யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா? வாட்ஸப்பில்? பழைய பென் டிரைவில்? ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் என்றால் இணையத்தில் உள்ளே போய் அதன் குப்பைத்தொட்டியைப் பாருங்கள், 30 நாள் வரை அங்கே கிடக்கும். நாலு சாஃப்ட்வேர் போட்டவருக்குக் கடைசியில் கொஞ்சம் படங்கள் கிடைத்தது அவருடைய அக்காவின் போனிலிருந்துதான். தெளிவு குறைந்த வாட்ஸப் படங்கள். அவற்றைப் பார்த்தே மனிதர் அழுதுவிட்டார்.

சரி, இப்போது சாஃப்ட்வேருக்கு வருகிறேன். டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிரைவாக மாட்டி ஸ்கேன் செய்வதுதான் சரியான வழி. கழற்றத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மீட்பதெல்லாம் மூன்றாவது ஒரு டிரைவுக்குப் போக வேண்டும்.

சாதாரண டெலீட்டுக்கு ரெக்குவா போதும். இலவசம், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் வடிவமும் உண்டு. வயதான நிரல்தான், ஆனால் பதிவேடு சிதையாமல் இருந்தால் பெயரோடும் ஃபோல்டரோடும் எடுத்துத் தரும். மைக்ரோசாஃப்டே 2020இல் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை வெளியிட்டது. கருப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும், அதைப் பார்த்தே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். தொலைந்த டிரைவிலேயே சேமிக்கச் சொன்னால் கேட்காது, வேறு டிரைவ் கொடுத்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதை ஸ்டோரிலிருந்துதான் இறக்க வேண்டும். வழக்கமாக அது போய் உட்காருவது சி டிரைவில். சி டிரைவில் தொலைத்தவருக்கு சி டிரைவில் இறங்கும் மருந்து!

பதிவேடே போய்விட்டது, அல்லது கார்டு ஃபார்மட் ஆகிவிட்டது என்றால் நான் எடுப்பது ஃபோட்டோரெக். இலவசம், திறந்த மூலம், மூல டிஸ்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும். பதிவேட்டை அது நம்புவதே இல்லை. ஒரு ஜேபெக் படம் எந்த பைட்டுகளில் தொடங்கும் என்று அதற்குத் தெரியும், டிஸ்கின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அதைத் தேடிக்கொண்டே போகும். குறைகளும் உண்டு. பழைய பெயர்கள் வராது, எண்களாகத்தான் வரும். துண்டு துண்டாகக் கிடந்த வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். ஓடட்டும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கும் நிரல்களை நான் குறை சொல்லவில்லை, சிலவற்றை நானே பயன்படுத்துகிறேன். ஆனால் இலவச ஸ்கேனில் ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரிந்ததும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். பெயர் தெரிந்தால் பதிவு பிழைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம், படம் பிழைத்திருக்கிறது என்று அல்ல. முன்னோட்டத்தில் படம் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கிராக் செய்த ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி, அதோடு ரான்சம்வேரையும் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வாங்கி வருபவர்களிடம் எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. இருந்ததும் போய்விடும்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத புதிய ரக டிஸ்க், வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் நல்ல செய்தி குறைவு. விண்டோஸ் 7 வந்த 2009 முதலே, எஸ்எஸ்டியில் ஒரு ஃபைலை முழுவதும் அழித்தால் அந்த இடம் இனி வேண்டாம் என்று டிஸ்குக்கே விண்டோஸ் தகவல் அனுப்பிவிடுகிறது. டிரிம் என்று இதற்குப் பெயர். அதன் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான் வரும். இங்கேதான் ரெக்குவா ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் பச்சைப் புள்ளி ஆளை ஏமாற்றும். வேறெந்த ஃபைலும் அதன் மேல் எழுதவில்லை என்பதற்குத்தான் அந்தப் பச்சை. மீட்டுத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த நிலையில் மாயம் செய்வதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட. சாதாரண பென் டிரைவ், மெமரி கார்டு விஷயத்தில் வாய்ப்பு இதைவிட அதிகம். ஆனால் அவற்றை ஃபார்மட் செய்யும்போது 'குவிக்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடாதீர்கள். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுவதுதான்.

டிஸ்கே கெட்டுப்போனால் இது எதுவும் பொருந்தாது. கடகடவென்று சத்தம் வருகிறதா? மாட்டினால் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கிறதா? எந்த ஸ்கேனும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு நிமிட ஓட்டமும் அதன் ஆயுளைக் குறைக்கிறது. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் படியும். மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, உங்கள் அறையின் ஒரு தூசி அதற்குப் பாறை மாதிரி.

இன்னொரு கெஞ்சல்: சிஎச்கேடிஸ்க் ஓட்டாதீர்கள். டிஸ்கைச் சரிசெய்யும் கட்டளை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது சரிசெய்வது ஃபைல் அமைப்பை, உங்கள் ஃபைல்களை அல்ல. கணக்கு ஒத்துவராத பதிவுகளைத் தயங்காமல் வெட்டிவிட்டு, மிச்சத்தை எண் போட்ட துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிட்டுப் போகும். கணக்கு சரியாகிவிடும், கல்யாண வீடியோ போய்விடும். இப்படிக் கெட்ட டிஸ்க் வந்தால் நாங்கள் முதலில் செய்வது டிடிரெஸ்க்யூ போன்ற ஒரு நிரலால் டிஸ்கை அப்படியே நகலெடுப்பதுதான். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். அதற்கப்புறம் எல்லா வேலையும் நகலில்தான்.

டிஸ்க் சாவதற்கு முன்பு பல நேரம் சொல்லிவிட்டுத்தான் சாகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். டிஸ்க் நலமாக இருந்தால் நீலம் காட்டும். அந்த நீலம் மஞ்சளானால், கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். அவற்றில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள். நீலமாகவே இருந்து ஒரேயடியாகச் சாகும் டிஸ்குகளும் உண்டு, அதனால் நீலத்தைப் பார்த்துத் தூங்கிவிடவும் கூடாது.

பேக்கப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் செய்வது சின்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டெஸ்க்டாப்பில் இருப்பது ஒன்டிரைவிலும் தெரிகிறதே, எதற்கு இரண்டு என்று அங்கே போய் அழித்து, இரண்டு இடத்திலும் இழந்தவர்கள் வரிசையாக வருகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக்காரர் பீட்டர் குரோக் சொன்ன கணக்கு இன்றும் செல்லும். குறைந்தபட்சம் ஒரு வெளி டிஸ்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். எப்போதும் மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். பலருக்கு அது தெரியவே தெரியாது. மதர்போர்டு கெட்டு, டிஸ்கைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த எண்ணைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் நோட்பேட் ஃபைலாகச் சேமிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், போன வாரம்தான் ஒருவர் அப்படி வந்தார்.