அமெரிக்காவின் கடிகார மாற்றம் விவசாயிகளுக்காக வந்ததா?

அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை 3 மணிக்குத் தள்ளி வைக்கிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பக் குறைத்துவிடுகிறார்கள். இந்தத் தேதிகள் 2007 முதல் நடப்பில் உள்ளவை. நியூயார்க்கில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பழகிய விஷயம்தான்: குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஊர், கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால், அங்கேயே பலர் "விவசாயிகளுக்காக" என்பார்கள். உண்மை நேர்மாறானது. முதல் உலகப் போரில், மாலையில் விளக்கு எரிப்பதைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த 1916இல் ஜெர்மனி இதைத் தொடங்கியது. 1918 மார்ச்சில் அமெரிக்காவும் சட்டம் போட்டது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களே விவசாயிகள்தான்.

அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. வைக்கோலுக்கான புல்லை, பனி ஈரம் காய்ந்த பிறகுதான் கட்ட முடியும். பழைய நேரப்படி 9 மணிக்குக் காய்ந்தது என்றால், புது நேரத்தில் அது 10. ஆனால் கூலியாட்கள் கடிகாரத்தைப் பார்த்து வந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவார்கள். காலையில் ஒரு மணி நேரம் சும்மா போகும். சாயங்காலம் நல்ல வெயில் இருக்கும்போதே ஆள் இருக்காது. கறவை மாடுகளும் பழகிய நேரத்தை உடனே மாற்றிக்கொள்வதில்லை. பால் ஏற்றும் ரயில் மட்டும் புது நேரத்துக்கு வந்து நிற்கும். லாபம் பார்த்தது நகரத்துக் கடைக்காரர்கள். வேலை முடிந்து வெளிச்சத்தோடு வெளியே வருபவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்களே!

1919இல் நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டை நீக்கியது. அதிபர் வில்சன் மறுத்தும், அவர் மறுப்பைத் தாண்டி நிறைவேற்றினார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, மறுபடி வந்தது. போருக்குப் பிறகு ஊருக்கு ஒரு நேரமாகக் குழம்பிக் கிடந்ததை 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்தியது. இதைக் கவனிப்பது வேளாண்மைத் துறை அல்ல, போக்குவரத்துத் துறை.

சரி, இப்போதைய விதி என்ன? ஒரு மாநிலம் விரும்பினால் இந்த மாற்றமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஹவாய் ஒதுங்கியிருக்கிறது. அரிசோனாவும் அப்படியே, அந்தப் பாலைவன வெயிலில் மாலை வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் நீள வேண்டும் என்று யார் கேட்பார்கள்? அந்த மாநிலத்துக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடியினர் பகுதி மட்டும் மாற்றத்தைக் கடைப்பிடிக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய கோடை நேரத்தையே வருடம் முழுக்க வைத்துக்கொள்ள எந்த மாநிலத்துக்கும் அதிகாரம் இல்லை. அதற்கு மத்திய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2022 மார்ச்சில் மேலவையான செனட் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கீழவை அதை நிறைவேற்றவில்லை.