கமுதி வெயில் பெரம்பூர் மிக்சிக்கு வரும் வழி

பெரம்பூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "சோலார் பேனல் தருவது பேட்டரி கரண்ட் மாதிரிதானே? கமுதியில் அத்தனை ஏக்கரில் விரித்து வைத்திருக்கிறார்களே, அது எப்படி எங்கள் வீட்டு மிக்சியை ஓட்டும்?"

கமுதி நிலையம் 2016-ல் வந்தது, 648 மெகாவாட். பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் நேர் மின்சாரம். நம் வீட்டுக்கு வேண்டியது நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மாறுதிசை மின்சாரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இன்வெர்ட்டர். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தப் பெட்டிக்குள் நடப்பதுதான் எனக்கு இன்னமும் அதிசயம்.

உள்ளே இருப்பவை ஐஜிபிடி என்ற குறைக்கடத்திச் சுவிட்சுகள். முழுக்கத் திறப்பு, இல்லாவிட்டால் முழுக்க மூடல். பாதி திறந்து வைத்தால் மின்சாரம் சூடாகவே வீணாகிவிடும். சரி, ஆன், ஆஃப் மட்டுமே தெரிந்த ஒன்றை வைத்து வழுவழுப்பான அலையை எப்படி வரைவது?

சின்ன வயதில் சீலிங் ஃபேன் சுவிட்சைப் படபடவென்று போட்டுப் போட்டு அணைத்திருக்கிறேன். ஃபேன் நின்று நின்று சுற்றாது, நிதானமாக ஒரே வேகத்தில் சுற்றும். ஆன் நேரம் கூடினால் வேகம் கூடும். இறக்கைகளின் கனம் அந்தத் துடிப்புகளைச் சராசரியாக்கிவிடுகிறது. இன்வெர்ட்டரில் அந்தக் கனத்தின் வேலையைச் செய்வது கம்பிச் சுருள். பழைய டியூப் லைட் பட்டியில் இருக்குமே சோக், அதன் பெரிய அண்ணன். சுவிட்ச் நொடிக்கு 3000 முறை தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு அலைக்கு 60 துடிப்பு. அலை தொடங்கும் இடத்தில் ஒல்லியான துடிப்புகள், உச்சியை நெருங்க நெருங்கப் பருமனாகும், அப்புறம் மறுபடி ஒல்லி. பிறகு இதே வரிசை எதிர்த்திசையில். சோக்கைத் தாண்டி வெளியே வரும்போது மேடுபள்ளம் கரைந்து, வளைவு மட்டும் மிஞ்சுகிறது. பெரிய இன்வெர்ட்டர் பக்கத்தில் நின்றால் கீச்சென்று ஒரு மெல்லிய ஓசை கேட்கும். அந்தத் தட்டல்தான் அது!

அலை தயாரானால் போதாது, தாளத்தோடு சேரவேண்டும். மயிலாப்பூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்கட்டமைப்பும் மற்றவற்றோடு இணைந்ததிலிருந்து, நாடு முழுக்க ஒரே தேர்தான். இன்வெர்ட்டர் அதன் ஓட்டத்தை இடைவிடாமல் கவனித்துத் தன் அலையை அதோடு பொருத்துகிறது. பிறகு டிரான்ஸ்ஃபார்மர்கள், 400 கிலோவோல்ட் லைன், சப்ஸ்டேஷன், உங்கள் தெரு.

இன்றைய சோலார் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை, தேர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதோடு சேர்ந்து இழுப்பவை. தாளம் போடுவது அனல், புனல் நிலையங்களில் சுழலும் கனத்த ஜெனரேட்டர்கள். வெயிலின் பங்கு கூடக் கூட, தாங்களே தாளம் போடும் இன்வெர்ட்டர்கள் தேவைப்படும். அந்த ஆராய்ச்சிக்கு இங்கே ஒதுக்கும் பணம் போதாது என்பது என் கருத்து. பேனல் வாங்குவதற்குக் காட்டும் வேகத்தில் பாதியாவது, அந்தச் சுவிட்சை இங்கேயே செய்யக் கற்பதில் காட்டலாம்.