சர்க்கரை சேர்க்காத மிட்டாயும் வீட்டு நாயும்

ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் மணி உதிர்த்த வெறுங்கதிர்கள் களத்துமேட்டில் குவிந்து கிடக்கும். அவற்றின் நாரில் சைலோஸ் என்ற எளிய சர்க்கரை பிணைந்திருக்கிறது. அமிலத்தில் வேகவைத்துப் பிரித்தெடுத்த சைலோஸில் ஹைட்ரஜனை ஏற்றினால் சைலிட்டால் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசைகள், இருமல் மருந்துகள் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்ப்பது இதைத்தான்.

சைலோஸால் நாய்க்கு ஆபத்தில்லை. சூடாக்கும்போது இறைச்சி மணம் தருவதால் நாய்த்தீனி தயாரிப்பவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வரும் சைலிட்டால்தான் நஞ்சு. கால்நடை மருத்துவனாக நான் அஞ்சுவது, இதை அறியாத வீடுகள் இன்னும் ஏராளமாக இருப்பதற்குத்தான்.

மனிதருக்கு இது நல்ல பொருள். கிராமுக்கு 2.4 கலோரிதான், இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றாது, பல்லையும் கெடுக்காது. நாயின் கணையமோ இதை உண்மையான சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டித் தீர்க்கிறது. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை அளவு சரிந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இந்த ஆபத்து உண்டு, 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் பழுதாகலாம். சில சூயிங்கம்களில் ஒரு துண்டிலேயே ஒரு கிராம் வரை இருக்கும். பத்துக் கிலோ நாய்க்கு அது போதும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வீடொன்றிலிருந்து ஒரு நாயைத் தூக்கி வந்தார்கள். பின்னங்கால்கள் மடிந்து விழுந்தன. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரை வெறும் 32தான் இருந்தது. "சர்க்கரையே இல்லாத மிட்டாய்தானே டாக்டர், அது என்ன செய்யும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். விருந்தாளியின் பையிலிருந்து நாய் இழுத்துக் கடித்த உறையை அவர் கசங்கலோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதில் சைலிட்டால் என்று அச்சிட்டிருந்ததால் வலிப்பு நோயா, விஷக்கடியா என்று தேடி நேரம் போகவில்லை. உடனே நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினோம். பிழைத்துக்கொண்டது.

எனவே உறையைத் தூக்கி எறியாதீர்கள். சைலிட்டால் என்ற பெயரோ 967 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பற்பசையால் நாய்க்குப் பல் துலக்காதீர்கள்.

தின்றது தெரிந்துவிட்டால், நாய் வாலாட்டிக்கொண்டு நின்றாலும் உடனே மருத்துவரை அழையுங்கள். சூயிங்கம் தின்ற நாய்க்குப் பல மணி நேரம் கழித்தும் அறிகுறி தெரியக்கூடும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலைப் புகட்டவே கூடாது; உப்பே தனி நஞ்சாகிவிடும். தள்ளாடினால் தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவுங்கள். நினைவில்லாத நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வந்து சேரும் வரை அந்தச் சர்க்கரைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி ஏறும் முன்பே தடவிவிடுங்கள், வழியிலும் தடவுங்கள்.

சைலிட்டால் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்தபடி டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதும், கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையைத் தொடர்வதும்தான் சிகிச்சை. நாய் எழுந்து நடந்துவிட்டது என்று பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் ஈறு மஞ்சளித்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தீனியைத் தொடாமல் சுருண்டு கிடந்தாலோ அன்றே திரும்பக் கொண்டு வாருங்கள்.