அப்டேட் ஏறியதும் கொம்பியூட்டர் ஊர்வது ஏன்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: விண்டோஸ் அப்டேட் ஏறியதிலிருந்து லப்டொப் ஊர்கிறது, வைரஸ் என்கிறார்கள், ஃபோர்மட் அடிக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைப் பாருங்கள். 100 சதவீதம் வேலை என்று காட்டும். வாசிக்கும் வேகமோ செக்கனுக்கு ஒன்றிரண்டு எம்.பி.யைத் தாண்டாது.

ஹாட் டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. லப்டொப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். வாசிக்கும் தலை முதலில் உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லிசெக்கன். பிறகு வேண்டிய தரவுத் துண்டு தலைக்கு நேரே வரும்வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 5.6. ஆக, செக்கனுக்கு 57 துண்டுகள்தான் எடுக்கலாம். துண்டுக்கு 4 கே.பி. என்றால் மொத்தம் 230 கே.பி.கூடத் தேறாது. அதே டிஸ்க், அடுத்தடுத்து எழுதப்பட்ட பெரிய வீடியோவைச் செக்கனுக்கு 100 எம்.பி. வீதம் வாசித்துவிடும். 400 மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் முழுவதும் தலையின் அலைச்சலில் போகிறது. எத்தனை அழகான, எத்தனை கொடிய கணக்கு!

அப்டேட்டுக்குப் பின், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் மாறிய கோப்புகளைச் சோதிக்கிறது. தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படுகிறது. பழைய பாகங்கள் கழிக்கப்படுகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில், தட்டின் வெவ்வேறு மூலைகளில். நீங்கள் திறக்கும் பிரவுசரும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

எனவே சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை நிறுத்தி, ஓரிரவு விட்டுவிடுங்கள். மின்வெட்டு நேரத்தில் தொடங்க வேண்டாம். காலையில் ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள். விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுத்துத் திறக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கேர்னல் புதிதாகத் தொடங்காது. சி டிரைவில் 20 ஜி.பி.யாவது காலியாக இருக்கட்டும். வேகமூட்டும் மென்பொருள் எதையும் போடாதீர்கள். அதுவும் அதே டிஸ்க்கைத்தான் குடையும்.

டிஸ்க் சும்மா இருந்தும் ஊர்கிறதா? சி.பி.யு. வேகத்தைப் பாருங்கள். வழமையான வேகத்துக்கு மிகக் கீழே நின்று, விசிறி இரைந்தால் சூடுதான் காரணம். திருகோணமலை வெயிலும் உப்புக் காற்றும் சேரும்போது விசிறித் துவாரத்தில் ஈரத் தூசி அப்பிக்கொள்ளும்; திறந்து துடைக்க வேண்டும்.

இரண்டு நாளாகியும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், முதலில் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள், தட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் எச்சரிக்கை வந்தால் மாற்றத்தான் வேண்டும். சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் தட்டுமில்லை, தலையுமில்லை; செக்கனுக்குப் பல்லாயிரம் துண்டுகள் தரும். பாடசாலைக் கணினி அறைகளுக்குப் புது மெஷின் வாங்கும் காசில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டாலே பழையவை பல உயிர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம். பெரும்பாலான பழைய லப்டொப்புகளுக்கு 2.5 அங்குல சாட்டா வகை, 256 ஜி.பி. போதும். பழைய டிஸ்க் நலமாக இருந்தால் அதிலுள்ள எல்லாவற்றையும் புதியதுக்கு அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்யலாம். எச்சரிக்கை காட்டினால் விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள்.