டொமைனில் இணைந்துவிட்டது சரி, கோப்புகள் யாருடைய பெயரில் இருக்கின்றன?

லினக்ஸ் கோப்புச் சேவையகத்தை விண்டோஸ் டொமைனில் (ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகள், பயனர்களின் தொகுதியில்) இணைப்பது இன்று கடினமான வேலையில்லை. விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவையும், டொமைன் பயனர்களை லினக்ஸுக்கு அறிமுகப்படுத்தும் விண்பைண்டையும் நிறுவி, அமைப்புக் கோப்பில் டொமைனின் பெயரை எழுதி, நிர்வாகியின் கடவுச்சொல்லோடு இணைப்புக் கட்டளையை ஓட்டினால், இணைந்துவிட்டதாக ஒரு வரி வரும். விண்பைண்டைச் சோதிக்கும் டபிள்யூபிஇன்ஃபோ கட்டளையிடம் கேட்டால், டொமைனின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள பெயர்களெல்லாம் திரையில் ஓடும். பல அலுவலகங்களில் இத்துடன் வேலை முடிந்ததாகக் கருதி, அன்றே பகிர்வுக் கோப்புறைகளைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் சேவையகத்தால் டொமைனோடு பேச முடிகிறது என்பதற்கு மேல் அந்தப் பட்டியல் எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

விண்டோஸ் ஒவ்வொரு பயனரையும் எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளத்தால் அறிகிறது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குத் தெரிந்ததோ யுஐடி என்ற வெறும் எண். கோப்பின் உரிமையாளராக வட்டில் பதிவாவதும் அந்த எண்தான். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பொறுப்பு சாம்பாவின் ஐடிமேப் அமைப்புக்கு உரியது. அமைப்புக் கோப்பில் உங்கள் டொமைனுக்கென்று தனி வரி எழுதாவிட்டால், தனியாகக் குறிப்பிடாத எல்லாவற்றுக்குமான பொதுப் பிரிவுக்கு எழுதிய டிடிபி முறையே டொமைன் பயனர்களுக்கும் பொருந்திவிடும். அம்முறையில் முதலில் வந்தவருக்கு முதல் எண், அடுத்தவருக்கு அடுத்த எண் என்று வழங்கப்படுகிறது. யாருக்கு எந்த எண் என்ற கணக்கு அந்தச் சேவையகத்தின் ஒரு சிறிய தரவுக் கோப்பில் மட்டுமே இருக்கும்.

இதன் விளைவை ஓர் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். பழுதான சேவையகத்தின் தரவு வட்டைப் புதிய இயந்திரத்தில் மாட்டி, டொமைனில் மறுபடி இணைத்திருந்தார்கள். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் கணக்குப் பிரிவின் சம்பளக் கோப்புகளுக்கு உரிமையாளராகக் கிடங்குப் பணியாளர் ஒருவரின் பெயர் தெரிந்தது. புதிய இயந்திரத்தில் அன்று காலை அவர் முந்தி உள்நுழைந்திருந்தார், அவ்வளவுதான். அனுமதி மறுக்கப்பட்டால் ஊழியர்கள் உடனே தொலைபேசியில் அழைப்பார்கள். கிடைக்கக் கூடாதது கிடைத்தால் யாரும் அழைப்பதில்லை.

பெரும்பாலான நிறுவனங்களுக்கு ஐடிமேப்பின் ஆர்ஐடி முறை போதுமானது. எஸ்ஐடியின் கடைசிப் பகுதியான ஆர்ஐடியோடு, டொமைனுக்கென்று ஒதுக்கிய எண் வரம்பின் தொடக்க எண்ணைக் கூட்டி யுஐடியைக் கணக்கிடுவதால், ஆர்ஐடி 1105 உள்ள பயனருக்கு, 10000-இல் தொடங்கும் வரம்பில், எந்தச் சேவையகத்திலும் 11105 என்ற எண்ணே கிடைக்கும். வரம்பை மட்டும் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றுபோல் எழுத வேண்டும். ஏடி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் எண்களை டைரக்டரியிலேயே பதிவு செய்கிறார்கள். அங்கே பயனருக்கு எண் கொடுத்துவிட்டு, பயனர்கள் இயல்பாகச் சேரும் டொமைன் யூசர்ஸ் குழுவுக்கு எண் கொடுக்க மறந்தால், பயனர் லினக்ஸின் கண்ணுக்கே தெரியமாட்டார். டபிள்யூபிஇன்ஃபோ நேரடியாக விண்பைண்டிடம் கேட்பதால் அப்போதும் பெயரைக் காட்டும். ஆகவே லினக்ஸ் தன் பயனர்களைத் தேடும் அதே வழியில் தேடும் கெட்என்ட் கட்டளையால் சோதித்து, பெயரோடு எண்ணும் வருகிறதா என்று பார்ப்பதையே நான் சோதனையாகக் கொள்கிறேன்.

டொமைன் வரம்பு, பொதுப் பிரிவின் வரம்போடும் சேவையகத்தின் உள்ளூர்ப் பயனர் எண்களோடும் மோதக் கூடாது. உள்ளூர்ப் பயனர்களையும் டொமைன் பயனர்களையும் குழப்பிக்கொள்வதன் ஆபத்து 2021 நவம்பரில் திருத்தப்பட்ட சிவிஇ-2020-25717 என்ற எண்ணுள்ள சாம்பா பாதுகாப்புப் பிழையில் வெளிப்பட்டது. டொமைனில் கிடைக்காத பெயரை உள்ளூர்ப் பயனராகத் தேடும் பழைய வழக்கத்தால், டொமைன் பயனர் ஒருவர் சேவையகத்தின் முழு நிர்வாகியான ரூட்டின் அதிகாரம் வரை பெற வழி இருந்தது. அத்திருத்தத்தோடு வந்த ஓர் அமைப்பு, 1000-க்குக் கீழான எண்ணுக்கு மாற்றப்படும் டொமைன் பயனரை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இணைப்பே தடுமாறினால் காரணம் பெரும்பாலும் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அல்லது கடிகாரம். டிஎன்எஸ் முகவரியாக டொமைனை நடத்தும் சேவையகமான டொமைன் கன்ட்ரோலரை எழுதிவிட்டு, இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8 என்று சேர்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்; உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குத் தெரியாது, விளைவாக உள்நுழைவு சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை இயல்பாக 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. டெபியன், உபுண்டு இயந்திரங்களில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேவையகத்தின் பெயர் தன்னையே குறிக்கும் 127.0.1.1 என்ற முகவரியோடு இருந்தால் அதை உண்மையான முகவரியாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும்.

ஊழியர்களின் கணினிகளில் நெட்வொர்க் டிரைவை ஐபி முகவரியால் இணைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். முகவரியால் அழைக்கும்போது விண்டோஸ் இயல்பாகக் கெர்பராஸைப் பயன்படுத்தாமல் பழைய சரிபார்ப்பு முறையான என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். என்டிஎல்எம்மை 2024-இல் மைக்ரோசாஃப்ட் கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பயனரின் கணினியில் கெர்பராஸ் டிக்கெட்டுகளைப் பட்டியலிடும் கேலிஸ்ட் கட்டளையை ஓட்டினால், சேவையகத்தின் பெயரில் ஒரு சிஐஎஃப்எஸ் (கோப்புப் பகிர்வு) டிக்கெட் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பெயரால் அழைத்தும் அது இல்லையென்றால், சேவையகத்துக்கு டிஎன்எஸ்ஸில் மாற்றுப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு எஸ்பிஎன் (கெர்பராஸ் அறியும் சேவைப் பெயர்) பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள்.